பொஹீமியாவில் வாழ்ந்தாரா, பொஹீமியராக வாழ்ந்தாரா? மெய்ப்பில் வந்த ஒரு சிக்கல்

ஒற்றுப்பிழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதிப்பகம் ஒன்றுக்காக ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு அது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வருகிறது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அவர் இளமையில் ஏழு ஆண்டுகள் "பொஹீமியாவில்" வறுமையில் உழன்றார் என்று இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு பக்கம் முன்னால், அதே ஏழு ஆண்டுகளும் அவர் பாரிஸை விட்டு நகரவே இல்லை என்றும், வாடகைப் பாக்கியால் ஒரே பேட்டைக்குள் மூன்று முறை வீடு மாறினார் என்றும் இருக்கிறது. மூல நூலை வாங்கி ஒப்பிட்ட பிறகுதான், வாழ்க்கை முறையைக் குறித்த சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஊர்ப்பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது விளங்கியது.

"நாடோடி வாழ்க்கை" என்று திருத்திவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அறுபதாம் பக்கத்தில் ரோமா, அதாவது ஜிப்சி, குடும்பம் ஒன்று ஓவியத்துக்காக அமர்கிறது. அவர்களும் மூலத்தில் பொஹீமியர்களே, தமிழில் ஏற்கெனவே "நாடோடிகள்". போதாக்குறைக்கு, அந்த ஓவியத்தில் இருக்கும் மேசையின் மேல் ஒரு பொஹீமியக் கண்ணாடிக் குடுவையும் இருக்கிறது. மூன்றுக்கும் மூலத்தில் ஒரே சொல். நான் மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

வல்டாவாக்கரை எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் பிராக் நகரத்தில் பதினொரு ஆண்டுகளாக இருப்பவன் என்பதால், மூன்றாவதான அந்தக் குடுவையின் பக்கம் நின்று பேசுகிறேன்.

பொஹீமியா என்பது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கிழக்கே இருப்பது மொராவியா. 1918 வரை பெயரளவிலேனும் அது ஒரு முடியரசு. 1949 முதல் நிர்வாகப் பிரிவாகக்கூட இல்லை. இருந்தாலும் வானிலை அறிக்கை வாசிப்பவர் இன்றும் பொஹீமியாவுக்கு ஒரு மழை, மொராவியாவுக்கு ஒரு மழை என்று தனித்தனியாகத்தான் சொல்வார். இங்குள்ளவர்கள் தங்கள் நிலத்தைப் பொஹீமியா என்று அழைப்பதில்லை. அவர்களுக்கு அது "செஹி". பொஹீமியா என்ற பெயர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த போயி என்ற கெல்டிய இனத்தாரின் வீடு என்று பொருள்படும் பழைய பெயரின் லத்தீன் வடிவம். போயிகளைச் செர்மானிய இனத்தார் விரட்டினார்கள். அவர்களுக்கும் பின்னால், ஆறாம் நூற்றாண்டு வாக்கில், இன்றைய செக் மக்களின் முன்னோரான ஸ்லாவியர் வந்து குடியேறினார்கள். பழைய குடித்தனக்காரர் காலி செய்து எத்தனையோ காலமாகியும் வாசலில் அவருடைய பெயர்ப்பலகை தொங்குவதைப் போன்றது இது.

செக் மொழி உங்கள் சிக்கலை எளிதாகத் தீர்த்துக்கொண்டது. கட்டுப்பாடற்ற கலைஞனுக்குப் பிரெஞ்சிலிருந்து "பொஹேம்" என்ற சொல்லைக் கடன் வாங்கினார்கள். செக் மொழியையும் இலக்கியத்தையும் ஆராயும் பேராசிரியர் "பொஹெமிஸ்தா". பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் அந்தத் துறையின் பெயரை முதன்முதலில் பார்த்த அன்று, குடித்துவிட்டுக் கவிதை எழுதுவதற்கு ஒரு பட்டப்படிப்பா என்று நான் வியந்து நின்றது உண்மை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பொஹீமியாவில் யாஹிமோவ் என்ற சுரங்க ஊர் இருக்கிறது. அதன் ஜெர்மன் பெயர் யோவாஹிம்ஸ்டால். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அடிக்கப்பட்ட வெள்ளிக்காசு "தாலர்" எனப்பட்டது. அதிலிருந்துதான் டாலர் பிறந்தது. "ரோபோ" என்ற சொல்லும் கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து, 1920இல் கரேல் சாப்பெக் எழுதிய நாடகத்தின் வழியாக உலகுக்குப் போனது. காசுக்கும் உழைப்புக்கும் சொல் கொடுத்த நிலத்தின் பெயரை, அவை இரண்டோடும் ஒட்டாத மனிதர்களுக்கு உலகம் சூட்டியிருக்கிறது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலேயே ஆலைகள் மிகுந்த பகுதி இதுதான். இங்குள்ளவர்கள் காலையில் சங்கு ஊதினால் வேலைக்குப் போனவர்கள்.

அகராதிப்புழு எழுதியது:

வல்டாவாக்கரை அண்ணனின் பதிவு அருமை. நடுவில் விடுபட்ட கண்ணியை, அதாவது நிலத்தின் பெயர் ரோமா மக்களின் பெயரானது எப்படி என்பதை, நான் சேர்க்கிறேன்.

ரோமா மக்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பாவுக்குள் கூட்டங்கூட்டமாக நுழைந்தார்கள். 1427 ஆகஸ்டில் ஒரு கூட்டம் பாரிஸுக்கு வந்தது. நகருக்குள் விடாமல் வடக்கே லா ஷப்பேல் என்ற இடத்தில் தங்க வைத்தார்கள். ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது. கைரேகை பார்த்துக்கொண்டவர்களைப் பாரிஸ் ஆயர் திருச்சபையிலிருந்து விலக்கினார் என்று அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. வந்தவர்கள் தங்களைக் கீழ் எகிப்துக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் "ஜிப்சி", ஸ்பானியத்தின் "ஹிதானோ" இரண்டும் எகிப்து என்ற பெயரின் சிதைவுகளே. பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் அவர்கள் பொஹீமியர்கள் ஆனார்கள். இத்தகைய கூட்டங்கள் சிகிஸ்மண்ட் மன்னர் வழங்கிய பாதுகாப்புக் கடிதங்களைக் கையில் வைத்திருந்ததே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது; 1423இல் வழங்கப்பட்ட அப்படியொரு கடிதம் பெயர்பெற்றது. ஹங்கேரியின் அரசரான சிகிஸ்மண்ட் 1420 முதல் பொஹீமியாவின் முடியையும் சூடியிருந்தார். மேலும் பொஹீமியாவின் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் 1415இல் எரிக்கப்பட்ட பிறகு, பொஹீமியர் என்ற பெயரே மேற்கத்திய கத்தோலிக்கர் காதில் சமயப் பகைவர் என்று ஒலித்த காலம் அது. அந்தப் பெயரை அந்நியர்மேல் ஒட்டுவதில் எவருக்கும் தயக்கம் இருந்திருக்காது.

அவர்களுடைய பூர்வீகம் எகிப்தும் இல்லை, பொஹீமியாவும் இல்லை. ரொமானி மொழி இந்தோ-ஆரிய மொழி. தண்ணீருக்குப் "பானி", மூக்குக்கு "நக்" என்பார்கள். வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது மொழியைக் கொண்டே தெளிவாகிவிட்டது. திருநெல்வேலிக்காரரையும் கொச்சிக்காரரையும் குண்டூர்க்காரரையும் ஒன்றாக மூட்டை கட்டி "மதராஸி" என்று தில்லியில் அழைத்த வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலாவது திசை சரியாக இருந்தது.

ஒற்றுப்பிழை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆக, பாரிஸ் கலைஞர்களுக்கு இந்தப் பெயர் நேரடியாக அந்த நிலத்திலிருந்து வரவில்லை, ரோமா மக்களிடமிருந்துதான் போயிருக்கிறது. அப்படியானால் "நாடோடி" என்று மொழிபெயர்த்தது ஒரு வகையில் சரிதானே? இந்த இரண்டாவது தாவல் எப்போது நிகழ்ந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

மேல்மாடி இருக்கை எழுதியது:

இசை நாடகங்களுக்கு விலை குறைந்த மேல்மாடிச் சீட்டு வாங்கியே காலம் தள்ளியவன் நான். இது என் பேட்டை.

1830களிலேயே பிரெஞ்சு எழுத்தாளர்கள் பணமில்லாத இளங்கலைஞர்களைப் பொஹீமியர்கள் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெயரை வீடுதோறும் கொண்டு போனவர் ஆன்ரி மியுர்ஜே. தையல் வேலையும் வாயில்காவலும் பார்த்தவரின் மகன்; 1822இல் பாரிஸில் பிறந்தவர். தம் நண்பர்களின் வாழ்க்கையைச் சிறு சிறு காட்சிகளாக ஒரு பத்திரிகையில் 1845 முதல் எழுதினார். அவற்றைத் தியோடர் பரியேருடன் சேர்ந்து நாடகமாக்கி 1849 நவம்பரில் மேடையேற்றியபோது பெரும் வெற்றி. 1851இல் புத்தகமாகவும் வந்தது. அதைத்தான் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி "லா பொஹேம்" என்ற இசை நாடகமாக்கினார். 1896 பிப்ரவரி முதல் தேதி டூரின் நகரில் டோஸ்கனீனி இசைக்குழுவை நடத்த அரங்கேறியது. அதே கதையை லியோன்கவாலோவும் எடுத்துக்கொண்டு மறு ஆண்டு வெனிஸில் அரங்கேற்றினார். இன்று அதைக் கேட்பவர் அரிது.

புச்சினியின் முதல் அங்கத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மேல்மாடி அறையில் குளிர் தாங்க முடியவில்லை. எரிக்க விறகு இல்லை. கவிஞன் ரொடோல்ஃபோ தான் எழுதிய நாடகத்தின் கையெழுத்துப் பிரதியைக் கணப்பில் போடுகிறான். ஓர் அங்கம் எரிந்து முடிந்ததும் அடுத்த அங்கம் போகிறது. நண்பர்கள் சுற்றி நின்று, நாடகத்தை விமர்சிப்பதைப்போல் நெருப்பை விமர்சிக்கிறார்கள். கடைசி அங்கத்திலோ, ரொடோல்ஃபோவின் காதலி மீமி சாகக் கிடக்கும்போது, தத்துவம் பேசும் கொலீன் தன் பழைய மேலங்கியிடம் விடைபெற்றுவிட்டு அதை அடகுக்கு எடுத்துப் போகிறான். முதலில் சிரித்த வறுமை அந்த ஒரு பாட்டில் நிறம் மாறிவிடும். நான் அதை எத்தனை முறை கேட்டாலும் இடைவேளைக் காப்பிக்காகச் சேர்த்து வைத்த சில்லறையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பிரெஞ்சு எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நிலத்தின் பெயரை எழுதும்போது நடு எழுத்தின் தலையில் சிறு கூரை போன்ற குறி இடுவார்கள். கலைஞர் வாழ்க்கையைச் சொல்லும்போது வெறும் சாய்கோடு போதும். வீரமாமுனிவருக்கு முன்பு நாம் எகரத்துக்குப் புள்ளி வைத்து ஏகாரத்திலிருந்து பிரித்ததைப் போன்ற ஏற்பாடு. ஆனால் 1875இல் அரங்கேறிய பீஸேயின் கார்மென் நாடகத்தில் நாயகி காதலைப் பொஹீமியாவின் பிள்ளை என்று பாடுகிறாள். அங்கே இருப்பது கூரைக்குறி. பொருளோ செக் நாடும் அல்ல, மேல்மாடி அறையும் அல்ல, ரோமா வாழ்க்கை. எனவே குறியை மட்டும் நம்பியும் பயனில்லை.

யாழ்க்கோட்டை எழுதியது:

ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? தமிழில் "பாணர்" என்ற அழகான சொல் இருக்கிறது. ஊர் ஊராகப் போனவர்கள், கலையால் வாழ்ந்தவர்கள், வறுமையில் உழன்றவர்கள். "பாண வாழ்க்கை" என்று போட்டுவிடலாமே.

கரிசல்மண் எழுதியது:

யாழ்க்கோட்டை ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். பாணர் இங்கே பொருந்தமாட்டார்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் அடுக்களையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கண் திறவாத குட்டிகள் பால் குடிக்கவர, பசியால் பால் வற்றிய தாய்நாய் குரைக்கிறது. சுவர் இடிந்து காளான் பூத்திருக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள் கிணைமகள். பாரிஸ் பொஹீமியர் அந்தக் கதவைத் திறந்து வைத்தவர். வறுமையைத் தம் அடையாளமாகக் காப்பிக்கடை மேசைமேல் பரப்பி வைத்தவர். மேலும் பாணருக்கு அது வழிவழியாக வந்த குலத்தொழில். பொஹீமியக் கலைஞரோ பெற்றோர் சொன்ன தொழிலை உதறிவிட்டு வந்தவர்.

மியுர்ஜேயே தம் முன்னுரையில் இந்த வாழ்க்கையைக் கலைஞனின் பயிற்சிக்காலம் என்றுதான் சொல்கிறார். அங்கிருந்து ஒருவன் அறிஞர்கள் கூடும் அகாதெமிக்குப் போவான், இல்லாவிட்டால் தரும ஆஸ்பத்திரிக்கோ பிணவறைக்கோ போவான் என்கிறார். கசப்பான பேச்சுத்தான். ஆனாலும் "பயிற்சிக்காலம்" என்ற சொல்லிலேயே அது ஒரு நாள் முடியும் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அவரும் நாடகம் வெற்றி பெற்றதும் அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறிவிட்டார். ஆனால் உடம்பு வெளியேறவில்லை, 1861இல் முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனார். சான் பிரான்சிஸ்கோவில் 1872இல் பத்திரிகையாளர்கள் கூடித் தொடங்கிய பொஹீமியன் கிளப், பின்னாளில் பெருஞ்செல்வர்களும் அதிகாரத்தில் இருப்பவர்களும் உறுப்பினராகும் இடமாகிவிட்டது. உண்மையான ரோமா குடும்பத்துக்கு இப்படி உள்ளே நுழையவும் வெளியேறவும் கதவு இருந்ததா? அவர்களுடைய பெயரைக் கலைஞர்கள் இரவல் வாங்கினார்கள், அவர்களுடைய வாழ்வை வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே "நாடோடி" என்று இருவருக்கும் ஒரே சொல்லைப் போடுவதை நான் எதிர்க்கிறேன்.

வல்டாவாக்கரை எழுதியது:

கரிசல்மண் சொன்னதற்கு இந்த ஊரிலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். சொல்லாமல் விட்டால் இழை முழுமையாகாது.

தெற்குப் பொஹீமியாவில் லெட்டி என்ற கிராமம் இருக்கிறது. நாஜி ஆட்சியின்போது, 1942 ஆகஸ்ட் முதல் 1943 வரை, ரோமா மக்களை அடைக்கும் முகாம் அங்கே நடந்தது. காவல் நின்றவர்கள் செக் காவலர்களே. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள், பெரும்பாலானோர் குழந்தைகள். எஞ்சியவர்களில் பலரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். பொஹீமியாவிலும் மொராவியாவிலும் இருந்த ரோமா மக்களில் மிகப் பெரும்பாலானோர் போரின் முடிவில் உயிரோடு இல்லை. பொஹீமிய ரொமானி என்ற வட்டார மொழியும் அவர்களோடு அழிந்தது. 1970களில் அந்த இடத்தில் பெரிய பன்றிப் பண்ணை கட்டினார்கள். அரசு அதை விலைக்கு வாங்கி, இடித்து, நினைவிடம் திறந்தது 2024இல்தான். நான் முன்பு ஒரு முறை போனபோது பண்ணை இன்னும் இருந்தது. காற்று திரும்பியபோது வந்த நாற்றத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

பிரெஞ்சுக்காரர் எந்த மக்களைப் பொஹீமியர் என்று அழைத்தாரோ, அவர்கள் உண்மையான பொஹீமியாவில் இப்படித்தான் முடிந்தார்கள். அறுபதாம் பக்கத்துக் குடும்பத்துக்கு "ரோமா" என்றே எழுதுங்கள்.

அகராதிப்புழு எழுதியது:

நானும் அதையே வழிமொழிகிறேன். நூலாசிரியர் தம் குரலில் பேசும் இடங்களில் "ரோமா" என்று எழுதலாம். ஓவியரின் கடிதங்கள் மேற்கோளாக வரும் இடத்தில் அவர் காலத்துச் சொல்லையே வைத்து அடிக்குறிப்புப் போடுவது நேர்மை.

கலைஞருக்கு என்ன சொல் என்பதுதான் மீதி. தமிழில் இதே பாதையில் நடந்த ஒரு சொல் இருக்கிறது: "பரதேசி". வேற்று நாட்டவன் என்பதே அதன் பொருள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்தின் பெயரில் அந்தப் பொருள் அப்படியே உறைந்து நிற்கிறது. பிறகு யாத்திரை போகும் துறவியானான்; பிறகு பிச்சைக்காரனானான்; இப்போது தெருச்சண்டையில் வசவு. ஊர்ப்பெயரில் தொடங்கி ஒழுக்கத் தீர்ப்பில் முடிவது எல்லா மொழிக்கும் பழக்கம்தான். பொருள் எவ்வளவு பொருந்தினாலும் ஓவியரைப் பரதேசி என்று அச்சிட்டால் வாசகர் வேறு விதமாகப் புரிந்துகொள்வார் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. "பொஹீமிய வாழ்க்கை" என்றே விட்டு, முதல் இடத்தில் மட்டும் "கட்டுக்கு அடங்காத கலைஞர்களின்" என்று ஓர் அடை சேர்த்தால் போதும். திரைப்பட விமர்சனங்களிலும் உடை விளம்பரங்களிலும் "பொஹீமியன்" ஏற்கெனவே தமிழுக்கு வந்துவிட்டது.

மேல்மாடி இருக்கை எழுதியது:

இடையில் ஒன்று. 1891இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் பொஹீமிய விவகாரக் கதையில் இந்த மயக்கம் அழகாக அமைந்திருக்கிறது. பொஹீமியாவின் மன்னர் முகமூடியணிந்து உதவி கேட்டு வருகிறார். அவர் அனுப்பிய தாளின் நீர்க்குறியை வைத்தே அது பொஹீமியாவில் செய்த தாள் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். மன்னர் வருவதற்குச் சில பத்திகள் முன்பே, சமூக வழக்கங்களை வெறுக்கும் ஹோம்ஸின் உள்ளத்தை வாட்சன் பொஹீமிய உள்ளம் என்று வர்ணித்துவிடுகிறார். மன்னர் நிலத்தால் பொஹீமியர், துப்பறிபவர் குணத்தால் பொஹீமியர். இதை மொழிபெயர்ப்பவர் "நாடோடி" என்று போட்டால் அந்த நயம் அங்கேயே செத்துவிடும். அகராதிப்புழுவின் யோசனைக்கு என் ஓட்டு.

யாழ்க்கோட்டை எழுதியது:

பாணரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த அடைத்த கதவு என்னை வாயடைக்க வைத்துவிட்டது. ஆனால் "பொஹீமிய வாழ்க்கை" என்று மொட்டையாக வரும் எந்த இடத்திலும், வாசகர் மறுபடியும் வரைபடத்தை எடுத்துத் தேடுவார் என்ற என் ஐயம் தீரவில்லை.

ஒற்றுப்பிழை எழுதியது:

ஐந்து நாட்களுக்குப் பிறகு வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்த இழையை அச்செடுத்து மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினேன். முதலில் வருத்தப்பட்டார்; லெட்டி பற்றிய பகுதியைப் படித்த பிறகு அவரே தொலைபேசியில் அழைத்து ரோமா என்று மாற்றச் சொன்னார். யாழ்க்கோட்டை ஐயாவின் ஐயத்தை அவரும் எழுப்பினார். ஆகவே ஊரைச் சொல்லும்போது "பொஹீமிய நாட்டு" என்றும், வாழ்க்கையைச் சொல்லும்போது ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் இடத்திலும் "பொஹீமியக் கலைஞர் வாழ்க்கை" என்றும் வைத்திருக்கிறோம். நாற்பத்திரண்டாம் பக்கத்து ஓவியர் இனிமேல் பாரிஸிலேயே வறுமைப்படுவார்.

எதிர்பாராத வேலை சொல்லடைவில் வந்தது. "பொஹீமியா" என்ற ஒரே பதிவின்கீழ் பதினேழு பக்க எண்கள் இருந்தன. நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பன்னிரண்டு எண்கள் கலைஞர் வாழ்க்கைக்குப் போயின. நான்கு எண்கள் ரோமா என்ற புதிய பதிவுக்குப் போயின. நாட்டின் பெயருக்கு நேரே இப்போது ஒரே ஒரு பக்கம்தான் நிற்கிறது, அந்தக் கண்ணாடிக் குடுவை வரும் பக்கம்.